பொழுது சாய்வதற்குள் வீடு

கெங்குவார்பட்டிக்காரனுக்கு மலை வெளியூர் கிடையாது. வாசலில் நின்று அண்ணாந்தால் பழனிமலைத் தொடர். வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில் ஊருக்குப் பக்கத்திலேயே காட்ரோடு. அங்கே திரும்பினால் கொடைக்கானல் மலைப்பாதை. எதிர்ப்பக்கம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் தேனி. தேனியில் வலப்பக்கம் போடி, இடப்பக்கம் சின்னமனூர், கம்பம், கூடலூர். எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடைசியில் ஒரு மலைப்பாதை வந்து நிற்கும். இப்படி ஓர் ஊரில் பிறந்தவன் கையில் மோட்டார் சைக்கிள் கிடைத்தால் சும்மா இருப்பானா?

நாங்களும் இருக்கவில்லை. நான் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டாளிகள் மூன்று பேர்: ஒரு வாத்தியார், ஒரு மெக்கானிக், மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர் ஒருவர். எங்களுக்கு ஓட்டலில் ரூம் போடக் காசில்லை. திங்கட்கிழமை லீவு போடவும் வழியில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பி, அன்றைக்கே திரும்பிவிடுவோம். வீட்டில் விளக்குப் போடுவதற்குள் வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

இப்போது பேரப்பிள்ளைகள் என்னிடம் வந்து, "தாத்தா, எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். வண்டியைப் பற்றி அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அவர்கள் கேட்காத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன்.

திரும்பும் நேரம்

காட்ரோடு டீக்கடையில் கூடியதும் வாத்தியார் முதலில் கேட்பது, "எங்கே போறோம்?" என்பதில்லை. "எத்தனை மணிக்குத் திரும்புறோம்?" என்பார். மத்தியானம் இரண்டு மணி என்று முடிவானால், இரண்டு மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறோமோ அந்த இடத்தில் வண்டியைத் திருப்புவோம். போக நினைத்த இடம் இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் சரி.

இதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும். சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே மலைச் சாலையில் நிழல் கட்டிவிடும். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் இருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள், சாயங்காலம் வரிசையாக இறங்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் அவசரம் அதில் இருக்கும். கொடைக்கானல் பாதையில் இருட்டுகிற நேரத்தில் காட்டுமாடு சாலையில் நிற்கும். ஹாரன் அடித்தால் நகராது.

ஒருமுறை மூணாறு போவதாகப் பேசி, போடிமெட்டுக்கு ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனபோது மூட்டம் அப்பிக் கிடந்தது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. டீ குடித்தோம், காத்திருந்தோம். விலகவில்லை. மணியைப் பார்த்த வாத்தியார் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"இம்புட்டு தூரம் ஏறி வந்துட்டு மூணாறைப் பாக்காமப் போறதா?" என்று தோப்புக்காரர் முறுக்கினார்.

"மூணாறு எங்கிட்டும் போயிறாது மாப்ள. வண்டியைத் திருப்பு."

திரும்பிவிட்டோம். அன்றைக்குத் தொடர்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதுவும் ஆகாமலும் இருந்திருக்கலாம். திரும்பியதால் கிடைத்த லாபத்தை யாராலும் எண்ணிக் காட்ட முடியாது. நடக்காத விபத்துக்குச் சாட்சி ஏது? அதனால்தான் திரும்புவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. போய்ப் பார்த்தவனிடம் சொல்ல ஒரு கதை இருக்கும். திரும்பியவனிடம் ஒன்றும் இருக்காது, கேலிதான் மிஞ்சும்.

மலைக்கு மேலே நின்றுகொண்டு, மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "போகலாமா வேண்டாமா" என்று யோசித்தால் ஆசைதான் ஜெயிக்கும். அதனால்தான் வாத்தியார் அந்த முடிவைக் காலையில், வயிறு நிறைந்து புத்தி தெளிவாக இருக்கும்போது எடுக்க வைத்தார். இதை நான் பணத்திலும் பார்த்திருக்கிறேன். போடி ஏலக்காய் வியாபாரத்தில் விலை ஏறுகிற வருடத்தில் சரக்கைப் பூட்டி வைத்து, இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று காத்திருந்து, இறங்கின பிறகு விற்றவர்கள் உண்டு. முதலிலேயே ஒரு விலையை மனதில் போட்டு, அது வந்ததும் விற்றுவிட்டுத் தூங்கப் போனவர்களும் உண்டு. நீங்கள் ஒரு தொழில் தொடங்குகிறீர்களா? எவ்வளவு பணம் போன பிறகு நிறுத்துவீர்கள் என்பதைத் தொடங்கும் அன்றே எழுதி வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? எத்தனை தடவை எழுதிவிட்டு வேறு வழி பார்ப்பீர்கள் என்பதை முதல் தடவைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பாதி வழியில் அந்தக் கேள்வி வந்தால் நேர்மையான பதில் வராது.

கண்ணாடியில் தெரிகிற விளக்கு

எங்கள் நால்வர் வண்டியும் நாலு விதம். என்னிடம் பழைய புல்லட். வாத்தியாரிடம் ஜாவா, கிக்கர்தான் அதற்குக் கியர் லீவரும். தோப்புக்காரர் ராஜ்தூத்தை விற்றுவிட்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்கினார், அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஊரில் உள்ள புல்லட் எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிற மெக்கானிக், தான் ஓட்டியது டி.வி.எஸ். 50. ஓசூரில் 1980-ல் வெளிவந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன மொபெட். ஏற்றத்தில் அது திணறும்போது பெடலையும் சேர்த்து மிதிப்பார்.

இந்த நாலு வண்டியும் ஒன்றாக மலை ஏற வேண்டும். செல்போன் இல்லாத காலம். அதற்கு மெக்கானிக் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒருவனுக்கு மட்டும் பொறுப்பு. கண்ணாடியில் அவன் விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லையா, வேகத்தைக் குறை. நீ குறைத்தால் உனக்கு முன்னால் போகிறவன் கண்ணாடியில் நீ மறைவாய்; அவனும் குறைப்பான். கடைசி வண்டி பஞ்சரானால், கொஞ்ச நேரத்தில் முதல் வண்டியும் தானாகவே நின்றுவிடும். சாலை பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவன் நீ திரும்பியதைப் பார்க்கும் வரை நகரக் கூடாது. டி.வி.எஸ். 50 கடைசியில் வராது. முன்னால் போகிறவனுக்கு அடுத்து அது. ஆர்.எக்ஸ். 100 கடைசி. வேகமான வண்டி பின்னால் இருந்தால்தான் யாரும் விடுபட மாட்டார்கள்.

தோப்புக்காரருக்கு முதலில் இது பொறுக்கவில்லை. வேகமான வண்டி வாங்கியது கடைசியில் வருவதற்கா என்று கேட்டார். பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "பின்னாடி வரும்போதுதான்யா ரோடு முழுசாத் தெரியுது."

ஊரில் எல்லாரையும் தூக்கிச் சுமக்க யாராலும் முடியாது. ஆனால் உனக்குப் பின்னால் படித்து வருகிற தம்பி, வேலை தேடுகிற தங்கை, உன்னோடு பிளஸ் டூ எழுதித் தேறாமல் போன கூட்டாளி, இப்படி ஒருவன் எங்கே இருக்கிறான் என்று அடிக்கடி திரும்பிப் பார்க்க உன்னால் முடியும். எல்லாரும் ஆளுக்கு ஒருவரைப் பார்த்தால் போதும்.

காசு விஷயத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் நாலு பேரும் சம தொகையை எடுத்து ஒருவர் பையில் போட்டுவிடுவோம். பெட்ரோல், டீ, பஞ்சர் எல்லாம் அதிலிருந்துதான். பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற டி.வி.எஸ்.காரர் அதைக் கணக்குப் பார்த்ததில்லை. மதியத்துக்குப் பெரும்பாலும் கட்டுச்சோறு; புளியோதரை இல்லாவிட்டால் எலுமிச்சைச் சோறு. மா காய்ப்பு பொய்த்துப்போன ஒரு வருடம், தோப்புக்காரர் வரவில்லை என்று ஏதேதோ சாக்குச் சொன்னார். அன்றைக்கும் நாலு பங்கு பையில் விழுந்தது. அவர் பங்கை யார் போட்டது என்று இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. நட்பில் சில கணக்குகளை எழுதாமல் விட்டால்தான் அது நீடிக்கும்.

ஏறின கியரில் இறங்கு

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு வித்தை. வெறுமனே மிதித்தால் கிக்கர் திருப்பி முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். அடி வாங்காத புல்லட்காரன் அந்தக் காலத்தில் இல்லை. கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. உடம்பு பலத்தைவிட அந்த முள்ளைப் பார்க்கும் பொறுமைதான் வண்டியைக் கிளப்பும்.

இந்த வண்டிக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. 1956-ல் சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோயிற்று, இங்கே நிற்கவில்லை. 1977-ல் நம் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்தார்கள். அந்த நாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கூட்டாளிகள் சேர்ந்து கிராமத்துச் சாலைகளில் ஓட்டிவிட்டு, ஒரு கடையில் நின்று தின்று குடித்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிற பழக்கம் உண்டு. டெர்பிஷயர் மாவட்டத்தில் மேட்லாக் பாத் என்கிற ஊருக்கு விடுமுறை நாளில் வந்து குவிகிற மோட்டார் சைக்கிள்கள் அங்கே பிரசித்தம். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் அவர்களுக்கு. நமக்கு வடையும் டீயும். சாலையோரம் நின்று அடுத்தவன் வண்டியைக் குறை சொல்வது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இன்றைய வண்டி பட்டனை அமுக்கினால் கிளம்பும். ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் கிளம்பும் முன் குனிந்து பார்க்க வேண்டியதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். டயரில் காற்று, ஆயில் அளவு, பிரேக், செயின். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆடலாம். அதற்குமேல் தொங்கினால் மெக்கானிக்கிடம் போய்விட்டு மலைக்குப் போங்கள்.

மலையில் ஏறுவதை எல்லாரும் ஜாக்கிரதையாகச் செய்வார்கள். விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் எங்கள் காலத்தில் நிறையப் பேருக்கு இருந்தது. அப்படி வந்தால் வண்டியின் மொத்த எடையையும் பிரேக்கே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும்; சூடேறினால் பிடி விட்டுப்போகும்; எந்த வளைவில் விட்டுப்போகும் என்று தெரியாது. ஏறின கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் வளைவுக்கு மட்டும் போதும். வாழ்க்கையிலும் வருமானம் இறங்குகிற காலம் எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்தில் சம்பாதித்தபோது இருந்த கட்டுப்பாடு இன்னும் அதிகமாக வேண்டும். கையை விட்டு உருளவிட்டால் கடைசியில் பிடிக்க எதுவும் இருக்காது.

இன்னொன்று, குறுகின மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வதில்லை, சாலை விதியிலேயே இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மறுபடி ஏற்றத்தில் கிளம்புவது கஷ்டம் என்பதால் வைத்த விதி. கொண்டை ஊசியில் பஸ் வந்தால் அதற்கு முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். டிரைவர் கையைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள்.

தண்ணீர் வந்த வழி

கொடைக்கானல் பாதையில் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தாத பிள்ளை கிடையாது. எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் வெள்ளைக் கோடாக விழுவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வோம். 975 அடி உயரம். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாகக் கீழே வந்து, தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் அணையில் தேங்கி, நம் ஊர்ப்பக்க வயலுக்குப் பாய்கிறது. மஞ்சளாறு அணையின் முழு நீர்மட்டம் 57 அடி. அதில் தண்ணீர் எத்தனை அடி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் உங்கள் தாத்தா நாற்று விட்டார்.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் போனால், மலைமேலிருந்து ராட்சத இரும்புக் குழாய்கள் மின் நிலையத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது; கட்டியவர் கர்னல் பென்னிகுயிக். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் 2013-ல் திறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடையில்கூட அவர் படம் மாட்டியிருக்கும். லைன்மேனாக எனக்கு அந்தக் குழாய்களைப் பார்க்கும்போது தனியாக ஒரு சந்தோஷம்: நெல்லுக்குப் போவதற்கு முன் அந்தத் தண்ணீர் கரண்டையும் கொடுத்துவிட்டுப் போகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஓடி, வைகையில் சேர்ந்து, 1959-ல் திறந்த வைகை அணைக்கு வருகிறது. ஒரே நாளில் இந்த வழியை வண்டியில் பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் தட்டில் உள்ள சோறு எத்தனை பேர் உழைப்பில் வந்தது என்று புத்தகம் இல்லாமலே புரியும்.

காட்டின் சட்டம்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் பதினெட்டு வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அந்தக் காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு. வனத்துறைக்காரரிடம் அதற்காகச் சண்டை போடாதீர்கள். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. தண்ணீரை வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் அங்கே ஆகாது.

பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன இளம்பிள்ளைகள் இருபதுக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரம் தேனி மாவட்டத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. காய்ந்து கிடக்கிற காட்டில் சாலையை விட்டு இறங்காதீர்கள். அனுமதி இல்லாத பாதையில் கால் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையை மறந்துவிடுங்கள். மண் சரிகிற பாதை அது. ஆடியில் கம்பம் கணவாய்க் காற்று சாலையில் குறுக்கே அடிக்கும். லாரியைத் தாண்டுகிற நொடியில் வண்டியை ஒரு பக்கம் தள்ளும். இரு கையாலும் பிடித்து, மெதுவாகப் போங்கள்.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் போடுங்கள். பெண் பிள்ளைகள் இப்போது தனியாகவே வண்டியெடுத்துக் கொடைக்கானல் போய் வருகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. இந்தப் பாடம் அவர்களுக்கும்தான்.

வீட்டில் அனுமதி கேட்கிறபோது நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கிறீர்கள்: "மேகமலை போறோம், விடுங்கம்மா." அம்மா மலையைக் கண்டு பயப்படவில்லை, நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தெரியாமல் பயப்படுகிறாள். அதனால் இடத்தைச் சொல்வதற்கு முன் நேரத்தைச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு என்றால் ஆறுக்கு வாசலில் நில்லுங்கள். முடியாது என்று தெரிந்தால் இருட்டும் முன்பே போன் போட்டுவிடுங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால், ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்கும் முன்பே சாவி கைக்கு வரும். வேலை கொடுக்கிறவரும், கடன் கொடுக்கிறவரும், பெண் கொடுக்கிறவரும் உங்களிடம் பார்ப்பது இதைத்தான்.